எரிய வேண்டிய ஆறு விநாடி

சாவியைத் திருப்பி, இன்ஜினைக் கிளப்பாமல் நிறுத்தினால் டேஷ்போர்டில் விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரியும். பேட்டரி, எண்ணெய், கைபிரேக். அவற்றோடு ஓர் ஆள் உட்கார்ந்திருக்க, அவர் முன்னால் ஒரு வட்டம் இருக்கும் சின்னமும் எரிய வேண்டும். சில கார்களில் எஸ்ஆர்எஸ் என்ற மூன்று எழுத்து மட்டும் வரும். ஆறேழு விநாடியில் அது தானாக அணைந்துவிடும். அணையாமல் நின்றால் நம்மில் பலர் பட்டறைக்குப் போகிறோம். எரியவே இல்லையென்றால் யாரும் கவனிப்பதில்லை. இரண்டில் மோசமானது அதுதான்.

அணையாத விளக்கு, காற்றுப்பையில் கோளாறு இருப்பதைச் சொல்லிவிடுகிறது. எரியாத விளக்கு ஒன்றும் சொல்வதில்லை. பை நன்றாக இருக்கலாம், பழுதாகியிருக்கலாம், ஸ்டியரிங்குக்குள் பையே இல்லாமலும் இருக்கலாம்.

பேராக்கில் இது சின்ன விஷயமில்லை. ரப்பர் தோட்டங்கள் செம்பனையாகவும் தாமான்களாகவும் மாறியபோது லயத்தை விட்டு வந்த குடும்பங்களுக்கு வேலை தூரத்தில்தான் கிடைத்தது. சுங்கை சிப்புட்டிலிருந்தும் பீடோரிலிருந்தும் ஈப்போ தொழிற்பேட்டைக்கு ஷிஃப்ட் வேலைக்கு வருகிறவருக்குக் கார் ஆடம்பரம் அல்ல. கைக்கு எட்டுவது பதினைந்து, இருபது வயதான கார். மலேசியாவில் சொந்தக் கார்களுக்கு ஆண்டுதோறும் கட்டாயச் சோதனை கிடையாது. ஆகவே அந்த விளக்கைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஓட்டுகிறவரிடமே இருக்கிறது.

முதலில் காரில் காற்றுப்பை உண்டா என்று பாருங்கள். பழைய புரோட்டோன், பெரோடுவா கார்களில் ஒரே மாடலின் உயர்ந்த ரகத்தில் பை இருக்கும், மலிவான ரகத்தில் இருக்காது. ஸ்டியரிங்கின் நடுவிலும், பயணி பக்கத்து டேஷ்போர்டிலும் எஸ்ஆர்எஸ் என்றோ ஏர்பேக் என்றோ அச்சு இருந்தால், பையோடு விற்ற கார் அது. அதில் விளக்கு எரிந்தே ஆக வேண்டும்.

அந்த ஆறு விநாடியில் உள்ளே என்ன நடக்கிறது? பெரும்பாலும் கியர் பக்கத்தில், தரையோடு ஒட்டி ஒரு சிறு பெட்டி இருக்கும். காற்றுப்பையைக் கட்டுப்படுத்தும் ஈசியூ அது. சாவி திரும்பியதும் பையின் தீமூட்டிக்கு மிகச் சிறிய மின்னோட்டம் அனுப்பிப் பார்க்கிறது. சுற்று முழுமையாக இருந்தால் மின்தடை இரண்டு ஓம் அளவில் இருக்கும். கம்பி அறுந்திருந்தால் தடை எகிறும், எங்கேயாவது ஒட்டியிருந்தால் விழுந்துவிடும். எல்லாம் சரி என்று தெரிந்த பிறகே ஈசியூ விளக்கை அணைக்கிறது. மோதல் நேர்ந்தால், விரிப்பதா வேண்டாமா என்பதை இதே பெட்டி ஒரு விநாடியின் ஐம்பதில் ஒரு பங்குக்குள் முடிவு செய்கிறது. தீமூட்டி பற்றி, மருந்து எரிந்து, வாயு நிறைந்து பை விரிய இன்னும் சுமார் 30 மில்லி விநாடி. கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

பல பழைய ஜப்பானியக் கார்களில் ஈசியூவின் சாக்கெட்டைக் கழற்றிவிட்டால் விளக்கு தானே எரிந்து நிற்கும்படி அமைத்திருப்பார்கள். கம்பி போனாலும் பெட்டி போனாலும் விளக்கு எரிய வேண்டும் என்பதே வடிவமைத்தவர்களின் எண்ணம். ஆகவே விளக்கு எரியாத காரில் என் முதல் சந்தேகம் இரண்டின் மேல்தான்: மீட்டருக்குள் இருக்கும் பல்பு, அல்லது மனிதக் கை.

பல்பு என்றால் நிம்மதி. சில வெள்ளியில் முடிந்துவிடும். மீட்டருக்கான ஃபியூஸையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். மீட்டரே மாறியிருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. பழைய சாமான் கடையிலிருந்து, காற்றுப்பை இல்லாத ரகத்தின் மீட்டரை வாங்கிப் பொருத்தியிருந்தால் அந்த இடத்தில் பல்புக்குழி காலியாக இருக்கும்.

மனிதக் கை என்றால் அது மோசடி, உயிரோடு விளையாடும் மோசடி. மோதலில் பை விரிந்துவிட்ட காரை மலிவாக வாங்கி, தகரத்தைத் தட்டிச் சாயம் பூசி விற்கிறவர்கள் உண்டு. புதுப் பைக்கும் ஈசியூவுக்கும் ஆகும் செலவு காரின் லாபத்தைத் தின்றுவிடும். அதனால் பல்பைப் பிடுங்குகிறார்கள், கறுப்பு டேப் ஒட்டுகிறார்கள். கொஞ்சம் வித்தை தெரிந்தவர் அந்த விளக்கின் கம்பியை எண்ணெய் விளக்கோடு இணைத்துவிடுகிறார். சாவி திருப்பினால் எரிகிறது, இன்ஜின் ஓடினால் அணைகிறது, வாங்குபவர் திருப்தியாகிவிடுகிறார்.

இந்த இணைப்பைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். சாவியைத் திருப்பி, இன்ஜினைக் கிளப்பாமல் பத்துப் பதினைந்து விநாடி காத்திருங்கள். எண்ணெய் விளக்கும் பேட்டரி விளக்கும் எரிந்துகொண்டே இருக்க, காற்றுப்பை விளக்கு மட்டும் தனியாக அணைய வேண்டும். மூன்றும் சேர்ந்தே நின்று, இன்ஜின் கிளம்பியதும் சேர்ந்தே அணைந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். பழைய கார் பார்க்கப் போகும்போது பெயின்டையும் டயரையும் பார்ப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

தீமூட்டியின் இடத்தில் அதே அளவு மின்தடையுள்ள சிறு துண்டைச் செருகி ஈசியூவையே ஏமாற்றுவதும் நடக்கிறது. அப்போது விளக்கு ஒழுங்காக எரிந்து ஒழுங்காக அணையும். உறையைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். டேஷ்போர்டில் பயணிப் பக்கம் மட்டும் நிறம் மாறியிருந்தாலோ, ஸ்டியரிங் நடுமூடி ஒட்டிய தடம் தெரிந்தாலோ கேள்வி கேளுங்கள்.

பல்பு மாற்றிய பிறகு விளக்கு எரிந்து, அணையாமல் நின்றால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளுங்கள். மறைந்திருந்த கோளாறு வெளியே வந்துவிட்டது. ஸ்டியரிங்குக்குப் பின்னால், சக்கரம் திரும்பும்போதெல்லாம் சுருண்டு விரியும்படி, முறுக்கு மாதிரி சுற்றிவைத்த தட்டைக் கம்பிநாடா ஒன்று உண்டு. பட்டறைப் போமன்கள் அதைக் கிளாக் ஸ்பிரிங் என்பார்கள். பல வருடம் திரும்பித் திரும்பி அது உள்ளே முறிந்துவிடும். ஹார்னும் சேர்ந்து வேலை செய்யவில்லையென்றால் பெரும்பாலும் அதுதான். அடுத்தது, முன்சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் நிறச் சாக்கெட்டுகள். செம்மண் சாலையின் தூசியும் அதிர்வும் அவற்றைத் தளர்த்துகின்றன. காரில் வெள்ளம் புகுந்திருந்தால் தரையோடு இருக்கும் ஈசியூவும் அதன் முனைகளும் பச்சை பிடித்துப்போகும். 2014 டிசம்பர் வெள்ளத்தில் பேராக் ஆற்றங்கரை ஊர்கள் மூழ்கியதை மறந்திருக்க மாட்டோம். தோட்டத்து ஓரம் கார் நிறுத்துகிறவர்களுக்கு எலி வேறு. செம்பனையில் எலித்தொல்லை எவ்வளவு என்றால், அதைக் குறைக்கவே மலேசியத் தோட்டங்களில் பெட்டிக்கூடு வைத்துக் கூகைகளை வளர்க்கிறார்கள். அந்த எலிக்குக் கார் கம்பியும் பல்லுக்குப் பதம்தான்.

காற்றுப்பையின் மஞ்சள் கம்பியில் நீங்களாகக் கை வைக்காதீர்கள். வீட்டில் மல்டிமீட்டர் இருக்கிறது, இரண்டு ஓம் வருகிறதா பார்ப்போம் என்று தீமூட்டியின் முனையில் வைத்தால், மீட்டரின் மின்னோட்டமே பையை வெடிக்க வைக்கலாம். முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வெடிக்கும் மருந்து அது. பட்டறையிலும் முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும். கழற்றிய பிறகும் ஈசியூவின் கெப்பாசிட்டரில் மின்சாரம் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். விபத்தில் பேட்டரி நசுங்கினாலும் பை விரிவதற்காக வைத்த சேமிப்பு அது. டொயோட்டா 90 விநாடி காத்திருக்கச் சொல்கிறது, ஹோண்டா 3 நிமிடம். உங்கள் போமன் காத்திருக்காமல் கை வைத்தால் வேறு போமனைப் பாருங்கள். சாதாரண மலிவு ஸ்கேனர் பெரும்பாலும் இன்ஜின் கோளாறை மட்டும் படிக்கும். காற்றுப்பையின் ஈசியூவைப் படிக்கும் கருவி இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் அந்த விளக்குக்குத் தெரியாத ஆபத்து ஒன்று இருக்கிறது. 2014 ஜூலையில் சரவாக்கின் சிபுவில் 2003ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி ஒன்று மோதியது. காற்றுப்பை விரிந்தது. அதோடு அதன் வாயுக்குடுவையும் வெடித்துச் சிதறியது. உலோகத் துண்டு பாய்ந்து, கருவுற்றிருந்த பெண் ஒருவர் இறந்தார். குழந்தையும் பிழைக்கவில்லை. தக்காத்தா நிறுவனத்தின் காற்றுப்பையால் அமெரிக்காவுக்கு வெளியே பதிவான முதல் இறப்பு அது. மலேசியாவில் அதற்குப் பிறகும் உயிர்கள் போயின.

காரணம் வேதியியல். தக்காத்தா தன் குடுவைகளில் எரிமருந்தாக அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. மலிவானது, ஆனால் ஈரத்தை இழுக்கும் உப்பு. பல குடுவைகளில் ஈரம் உறிஞ்சும் உலர்த்தி வைக்கவில்லை. பகல் வெயிலில் சூடாகி இரவில் குளிர்ந்து, ஆண்டுக்கணக்கில் ஈரக்காற்றைக் குடித்த மருந்துக்கட்டி நுண்ணிய துளைகளோடு உப்பிப்போகிறது. துளை கூடினால் எரியும் பரப்பு கூடும், பரப்பு கூடினால் ஒரே கணத்தில் வாயு கட்டுக்கடங்காமல் பெருகும், எஃகுக் குடுவை தாங்காது. வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களில் ஓடிய பழைய கார்களுக்கே ஆபத்து அதிகம் என்பதை அமெரிக்க ஆய்வுகள் உறுதிப்படுத்தின. தீபகற்பத்தில் மிக அதிக மழை பெறும் ஊர்களில் ஒன்றான தைப்பிங் நம் மாநிலத்தில்தான் இருக்கிறது. ஈப்போவின் மதிய வெயிலை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உலகம் முழுவதும் சுமார் 10 கோடிக் குடுவைகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. தக்காத்தா 2017இல் திவாலானது. ஹோண்டா, டொயோட்டா, நிசான், மஸ்டா, பிஎம்டபிள்யூ என்று பல நிறுவனங்களின் கார்கள் பட்டியலில் இருந்தன. குடுவை பழுதாகிக்கொண்டிருப்பதை ஈசியூவால் அறிய முடியாது. அது கம்பியின் தடையை மட்டுமே அளக்கிறது, மருந்தின் வயதை அளப்பதில்லை. ஆகவே விளக்கு ஒழுங்காக எரிந்து அணையும் காரிலும் இந்தக் குடுவை இருக்கலாம்.

பழைய கார் மூன்று, நான்கு கைகள் மாறி வந்திருந்தால் நிறுவனத்தின் அழைப்புக் கடிதம் முதல் உரிமையாளரின் பழைய முகவரிக்கே போயிருக்கும், இடித்துவிட்ட லயத்துக்கும் போயிருக்கலாம். உங்கள் கார் பதிவுப் பத்திரத்தில் சேஸிஸ் எண் இருக்கிறது. அதை அந்த நிறுவனத்தின் சேவை மையத்தில் கொடுத்துக் கேளுங்கள். பட்டியலில் இருந்தால் மாற்றித் தருவது இலவசம், நீங்கள் எத்தனையாவது உரிமையாளர் என்பது பொருட்டல்ல. இன்று மாலை வீடு சேர்ந்ததும் சாவியை ஒருமுறை திருப்பி விளக்கைப் பாருங்கள், நாளைக் காலை அந்த எண்ணோடு போன் செய்யுங்கள். அப்பா அம்மா ஓட்டும் காருக்கும் சேர்த்துச் செய்துவிடுங்கள்.