கேமரா பைத்தியங்கள் கிரிவலம்! தோளில் 5 கிலோ பை. கையில் ஒரு பிரிண்ட் இல்லை

பவுர்ணமி ராத்திரி. திருவண்ணாமலை கிரிவலப் பாதை. 14 கிலோ மீட்டர் தூரமும் தலை, தலை, தலைதான். "அண்ணாமலைக்கு அரோகரா" என்று ஜனங்கள் நடக்கிறார்கள். அவர்களுக்கு நடுவே ஒரு தனி ரகமும் நடக்கிறது. கழுத்தில் கேமரா, தோளில் பை, கக்கத்தில் ஸ்டாண்டு. இவர்கள் மலையைப் பார்த்து நடப்பதில்லை. வெளிச்சத்தைப் பார்த்து நடக்கிறார்கள்!

யார் இவர்கள்? ஸ்டூடியோக்காரர்களா? கல்யாண வீட்டு போட்டோகிராபர்களா? கிடையாது. பாங்கியில் வேலை பார்ப்பவர், ஜவுளிக்கடைக்காரர், பள்ளிக்கூட வாத்தியார், கம்ப்யூட்டர் கம்பெனி பையன். சம்பளத்தில் மிச்சம் பிடித்து கேமரா வாங்கியவர்கள். படத்தை விற்பதில்லை. ஒரு பைசா வரும்படி இல்லை. செலவு உண்டு. வீட்டில் திட்டும் உண்டு.

இந்த ரகத்தில் இரண்டு பேர் டீக்கடையில் சந்தித்துவிட்டால் போதும். பெயர் கேட்க மாட்டார்கள், ஊர் கேட்க மாட்டார்கள்.

"என்ன லென்ஸ் சார் அது?"

"எழுபது இருநூறு."

"கனமா இருக்குமே?"

"ஒன்றரை கிலோ சார். குபேர லிங்கம் போறதுக்குள்ள தோள்பட்டை கழண்டுடும்."

"பேசாம ஒரு அம்பதை மாட்டிக்கிட்டு வந்திருக்கலாமே, சார்?"

அவ்வளவுதான். டீ ஆறிப்போகும். பேச்சு ஆறாது. ஐம்பது மில்லிமீட்டர் லென்சுக்கு ஒரு கட்சி, ஜூமுக்கு ஒரு கட்சி. தேர்தல் தோற்றது போங்கள்!

பூஞ்சை பயம்

இவர்களுக்கு திருடன் பயத்தைவிட பெரிய பயம் ஒன்று இருக்கிறது. பூஞ்சை! ஐப்பசி, கார்த்திகை மழையில் பீரோவுக்குள் பூட்டி வைத்த லென்சில் வெள்ளை நூல் மாதிரி படரும். கண்ணாடி மேல் பூசிய பூச்சையே அரித்துவிடும். பல ஆயிரம் ரூபாய் லென்ஸ் பாழ்.

"அரிசி டப்பாவுல போட்டு வைங்க சார்" என்பார் ஒருவர். செய்யாதீர்கள். அரிசித் தூசி லென்சின் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம். இது போதும். எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, கேமராவை அடிக்கடி வெளியே எடுத்து உபயோகிப்பது. பூட்டி வைத்த கேமராவில்தான் பூஞ்சை குடித்தனம் நடத்தும்.

6 மணி சோதனை

கார்த்திகை தீபம் என்றால் இந்தக் கூட்டத்துக்குப் பரீட்சை மாதிரி. மலை 2,668 அடி உயரம். சாயந்திரம் 6 மணிக்கு உச்சியில் மகாதீபம் ஏற்றுவார்கள். அதற்குச் சற்று முன்னால்தான் கோவிலுக்குள் அர்த்தநாரீஸ்வரர் எழுந்தருளி வெளியே வந்து காட்சி தருவார். சில நிமிஷம்தான். கீழே பார்ப்பதா, மேலே பார்ப்பதா? பக்தருக்கு இரண்டு கண் இருக்கிறது. கேமராவுக்கு ஒன்றுதான்.

படம் எடுப்பவருக்கு இன்னொரு சிக்கல். அந்த மாதத்தில் 6 மணிக்கு சூரியன் அப்போதுதான் மறைந்திருக்கும். ஆகாயத்தில் கொஞ்சம் நீலம் மிச்சம் இருக்கும். அந்த நீலத்தில்தான் மலையின் உருவம் தெரியும். தீபம் எரிய ஆரம்பித்து கொஞ்ச நேரம்தான் இந்த வெளிச்சம். அதற்குப்பிறகு வானமும் கறுப்பு, மலையும் கறுப்பு. படத்தில் ஒரு பொட்டு மட்டும் இருக்கும். "இது மலை தீபமா, தெருவிளக்கா?" என்று வீட்டில் கேட்பார்கள்!

அனுபவஸ்தர்கள் அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு பவுர்ணமியை ஒட்டிய நாள். கோவில் மலைக்குக் கிழக்கே இருக்கிறது. சந்திரனும் கிழக்கே எழும்பும். கொஞ்சம் பொறுத்தால் நிலா வெளிச்சம் மலையின் முகத்தில் நேராக விழும். அப்போது ஸ்டாண்டில் கேமராவை வைத்து சில விநாடி திறந்து வைத்தால் தீபமும் வரும், மலையும் வரும். மேகம் மூடாமல் இருந்தால்! கார்த்திகை மேகத்துக்கு எந்த கேமராவும் மருந்து இல்லை.

மலையேறி மேலே இருந்து படம் எடுக்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். 2024 டிசம்பர் 1-ந் தேதி புயல் மழையில் மலைச்சரிவில் இருந்து மண்ணும் பாறையும் சரிந்து வ.உ.சி. நகரில் 7 பேர் பலியானார்கள். குழந்தைகளும் அதில் போனார்கள். அந்த ஆண்டு தீபத்துக்கு மலையேற பக்தர்களுக்கு அனுமதி இல்லை. ஒரு படத்துக்காக போலீசாரிடம் வாக்குவாதம் செய்வது அழகல்ல.

கோவிலுக்குள்ளும் கட்டுப்பாடு உண்டு. திருச்செந்தூர் கோவில் சம்பந்தப்பட்ட வழக்கில், தமிழ்நாட்டு கோவில்களில் செல்போனுக்கு தடை விதிக்கும்படி ஐகோர்ட்டு மதுரை கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. ஆகவே வெளியே இருந்து எடுப்பதே உத்தமம். 217 அடி ராஜகோபுரம் கிழக்கு பார்த்து நிற்கிறது. காலை வெயில் அதன்மேல் நேராக அடிக்கும். சாயந்திரம் போனால் சூரியன் மலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஊரே சீக்கிரம் நிழலில் படுத்துவிடும். இது தெரியாமல் மத்தியானம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வருகிறவர்கள் பாவம்.

டாக்டர் கையில் கேமரா

இந்தப் பைத்தியம் திருவண்ணாமலைக்குப் புதிது இல்லை. 80, 90 வருஷத்துக் கதை.

சென்னையில் ஒரு டாக்டர் இருந்தார். டி.என்.கிருஷ்ணசாமி என்று பெயர். தொழில் வைத்தியம். பொழுதுபோக்கு கேமரா. ரமண மகரிஷியிடம் பக்தி கொண்டு ரமணாசிரமத்துக்கு வந்து போனார். வந்தபோதெல்லாம் படம் எடுத்தார். ஒரு நாள் கூத்து இல்லை அது. வருஷக்கணக்கில் எடுத்தார். ரமணர் உட்கார்ந்திருப்பது, நடப்பது, மலைப்பக்கம் போவது என்று இன்றைக்கு நாம் பார்க்கும் படங்களில் பல அந்த டாக்டர் எடுத்தவை.

அப்போதைய பிலிமுக்கு வேகம் குறைவு. மங்கல் வெளிச்சத்தில் ஆள் கொஞ்சம் அசைந்தாலும் படம் கலங்கிவிடும். ரமணரோ மணிக்கணக்கில் அசையாமல் உட்காருகிறவர். கேமராக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது. ஆள் அசையாமல் இருந்தால் படம் தெளிவாக வரும், அவ்வளவுதான். கண்ணில் அந்தக் கனிவு வரவேண்டுமே! முன்பின் தெரியாதவன் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தால் அது வராது. தெரிந்த மனிதர், போன மாதமும் வந்தவர் என்றால் வரும். டாக்டருக்கு வாய்த்தது அதுதான் என்பது நம் அபிப்பிராயம்.

ஊரில் கடைக்குக் கடை மாட்டியிருக்கும் ரமணரின் மார்பளவுப் படம் மட்டும் வேறு ஒருவர் எடுத்தது. பெங்களூர் ஸ்டூடியோக்காரர் வெலிங். அவர் தொழில்காரர். 'வெலிங் படம்' என்றே அதற்குப் பெயர்.

லைக்கா வந்த ஏப்ரல்

1950 ஏப்ரல். ரமணர் நோய் முற்றிப் படுத்திருந்தார். அந்த நேரத்தில் ஒரு பிரெஞ்சுக்காரர் ஊருக்கு வந்து சேர்ந்தார். கையில் சின்ன லைக்கா கேமரா. பெயர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன். உலகத்தின் பெரிய போட்டோகிராபர்களில் ஒருவர். 1948 ஜனவரி 30-ந் தேதி, காந்திஜி சுடப்படுவதற்குக் கொஞ்ச நேரம் முன்புவரை அவருடன் இருந்தவர். இறுதி ஊர்வலத்தைப் படம் எடுத்து உலகத்துக்குக் காட்டியவர்.

அவர் வைத்திருந்த சாமான் என்ன தெரியுமா? ஒரு கேமரா, பெரும்பாலும் அதே ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ். பிளாஷ் பிடிக்காது. கேமராவின் பளபளப்பு அடுத்தவர் கண்ணில் படக்கூடாது என்று கறுப்பு டேப் சுற்றிவிடுவார். ஐம்பது கட்சிக்காரர்கள் டீக்கடையில் அடிக்கடி இழுக்கும் பெயர் இது!

ஏப்ரல் 14 இரவு 8 மணி 47 நிமிஷம். ரமணர் சமாதி அடைந்தார். அதே நேரத்தில் ஆகாயத்தில் ஓர் ஒளி மெதுவாக நகர்ந்து அண்ணாமலை உச்சியைத் தாண்டி மறைந்ததைப் பார்த்ததாக கார்த்தியே-பிரெஸ்ஸோன் சொன்னார். ஊரில் வேறு பலரும் பார்த்ததாகச் சொன்னார்கள். கண்ணை நம்பிப் பிழைத்த மனிதர் கண்ணால் பார்த்தது அது. ஆனால் அது அவர் வாய்ச்சொல்லாகத்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது. அதே மாதம் பாண்டிச்சேரிக்குப் போய் அரவிந்தரைப் படம் எடுத்தார். அந்த டிசம்பரில் அரவிந்தரும் மறைந்தார்.

12 படம், 2 ஆயிரம் படம்

பிறகு அக்பா கிளிக் காலம் வந்தது. ஒரு ரோலுக்கு 12 படம். வெயில், மேகம் என்று ஒரு திருகு. பையன் பாஸ் செய்ததற்கு மாமா வாங்கித் தருவார். கொஞ்சம் வசதி உள்ளவர் சென்னை பர்மா பஜாரில் பேரம் பேசி ஜப்பான் கேமரா வாங்கி வருவார். பிலிம் நம் ஊட்டியிலேயே தயார் ஆனது. இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கம்பெனி 1960-ல் ஆரம்பித்தது, 1967-ல் உற்பத்தி தொடங்கியது. பிலிமின் பெயர் 'இந்து'. இந்து என்றால் சந்திரன். பவுர்ணமி ஊருக்குப் பொருத்தமான பெயர்தான்! அந்தக் கம்பெனி நலிந்து மூடிக்கிடக்கிறது.

12 படம்தான் என்றால் விரல் தானாக அமுங்காது. தீபத்துக்கு இரண்டு, கோபுரத்துக்கு ஒன்று, பாட்டிக்கு ஒன்று என்று கணக்கு. மிச்சத்தை தீபாவளி வரை வைத்திருந்து முடித்த வீடுகளும் உண்டு. கழுவி வந்தால் குடும்பமே கூடும். பாட்டி தலை வெட்டுப்பட்டிருந்தாலும் அந்தப் படம் ஆல்பத்தில் ஏறும். இன்றைக்கும் இருக்கும்.

இப்போது? ஒரு பவுர்ணமிக்கு ஒருவர் 2 ஆயிரம் படம் சாதாரணமாக எடுக்கிறார். கார்டில் இருந்து கம்ப்யூட்டர், கம்ப்யூட்டரில் இருந்து ஒரு டப்பா. அந்த டப்பா ஒருநாள் 'கிர்ர்' என்று சத்தம் போட்டு நின்றுவிட்டால் தீபமும் போச்சு, பாட்டியும் போச்சு. டாக்டர் எடுத்த படங்கள் தப்பித்ததற்குக் காரணம், அவை பிலிமில் இருந்தன, காகிதத்தில் ஏறின, ஆசிரமத்தில் பத்திரமாக வைத்துக் காப்பாற்றினார்கள்.

சாமியாரும் பத்து ரூபாயும்

கிரிவலப் பாதையில் காவி கட்டிய சாமியார்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஜடை, தாடி, திருநீறு, சுருக்கம் விழுந்த முகம். கேமராக்காரனுக்கு விருந்து! தூரத்தில் நின்று பெரிய லென்சை நீட்டி 'கிளிக்' செய்துவிட்டு நடையைக் கட்டுகிறவர்கள் அதிகம். கேட்டு எடுப்பவர்கள் குறைவு.

சில சாமியார்கள் கையை நீட்டி "பத்து ரூபா குடு" என்பார்கள். உடனே நம்மவருக்குக் கோபம் வருகிறது. "பாத்தீங்களா சார், சாமியாரே காசு கேக்குறாரு!" லட்ச ரூபாய்க்கு லென்ஸ் வாங்கியவர் பத்து ரூபாய்க்கு தர்மம் பேசுகிறார்.

அவர் பக்கத்தையும் பாருங்கள். அந்த ஒரு மனிதரின் முகம் எத்தனை பேர் போனில், எத்தனை பேர் கேமராவில் போயிருக்கும்? அவர் முகம் அவர் கையில் ஒன்றாவது இருக்குமா? எடுத்தவனைத் திரும்பப் பார்த்திருப்பாரா? முகத்தை வாங்கிக்கொண்டு போகிறவனிடம் பத்து ரூபாய் கேட்பது என்ன பெரிய குற்றம்? சில பேர் வேண்டாம் என்று கையை ஆட்டுவார்கள். அப்போது கேமராவை இறக்கிவிட வேண்டும். அது அவர் முகம்.

தபால் அட்டை அளவுக்கு ஒரு பிரிண்ட் போட ஒன்றிரண்டு டீ விலைதான் ஆகும். வழக்கமாக ஒரே இடத்தில் உட்காருகிறவர்கள் நிறையப் பேர். எந்த லிங்கத்துக்குப் பக்கம், எந்த மரத்தடி என்று போனிலேயே குறித்துக்கொள்ளலாம். அடுத்த பவுர்ணமிக்கு வரும்போது ஒரு கவரில் போட்டு எடுத்து வந்து கொடுக்கலாம். "சாமி, போன மாசம் எடுத்தது" என்று நீட்டினால் யாரும் பத்து ரூபாய் கேட்க மாட்டார்கள். லேமினேஷன் செய்து கொடுங்கள். அவர்களுக்கு பீரோ கிடையாது, துணி மூட்டைதான். மழை பெய்தால் மூட்டையும் நனையும். பின்பக்கம் தேதி போடுவதாக இருந்தால் லேமினேஷனுக்கு முன்னால் போடுங்கள். பேனாவை அழுத்தாதீர்கள், முகத்தில் கோடு விழும்.