சுமை பகிரும் கணினிகளில் பிழை காணல்

திருப்பதி, காட்பாடி, தர்மாவரம் மார்க்கங்கள் கூடும் பாகாலா சந்திப்பின் பயணி, தட்கால் சீட்டுக்காகக் காலை 10 மணிக்கு இணையவழி அனுப்பும் கோரிக்கையை முதலில் ஏற்பது சுமை பகிர்வி. பின்னுள்ள பல கணினிகளுள் ஒன்றிடம் அதனை அது ஒப்படைக்கிறது. 2014இல் நடைமுறைக்கு வந்த ரயில்வே ஏற்பாடு நிமிடத்திற்கு 7,200 சீட்டுகள் வழங்குமாறு வகுக்கப்பட்டது. முந்தைய அளவு 2,000.

பிழை எண்களே முதல் தடயமாகும். 502 எனில் பின்னுள்ள கணினியின் விடை செல்லத்தக்கதன்று. 503 எனில் பெரும்பாலும் பணியேற்கக் கணினி இல்லை. 504 எனில் உரிய நேரத்தில் விடை வரவில்லை.

நான்கு முயற்சிகளில் ஒன்று மட்டும் தவறுவதே கடினமான நிலை. நான்கு கணினிகளுள் ஒன்று தரவுத்தளத் தொடர்பை இழந்திருக்கலாம். நலச் சோதனை முகப்புப் பக்கத்தை மட்டும் கேட்டால் அக்கணினியும் தேர்ச்சி பெற்றுவிடும். மேலும், அது உடனுக்குடன் பிழையைத் திருப்புவதால் ஓய்வாக இருப்பதுபோல் தோன்றும். குறைந்த பளுவுள்ள கணினியைத் தேடும் பகிர்வி மேன்மேலும் கோரிக்கைகளை அதற்கே தள்ளும். கையை விரிப்பவனுக்கே வேலை குவியும் இவ்விந்தை அலுவலகங்களில் காணக்கிடைக்காதது!

எனவே பகிர்வியைத் தவிர்த்து ஒவ்வொரு கணினியையும் நேரடியாகச் சோதித்தல் வேண்டும். பதிவேடுகளை ஒப்பிடக் கடிகாரங்கள் ஒத்திருத்தலும், கோரிக்கைதோறும் தனி அடையாள எண் இருத்தலும் அவசியம். உள்நுழைந்தவர் திடீரென வெளியேற்றப்படின், அவரது அமர்வு விவரம் ஒரே கணினியின் நினைவகத்தில் தங்கியிருக்கக்கூடும். அதனைப் பொதுச் சேமிப்புக்கு மாற்றுதலே தக்க பரிகாரம்.