திறப்பு விழாவில் திணறிய வலைத்தளம்

தேர்வு முடிவு வெளியாகும் நாளை நினைத்துப் பாருங்கள். பதிவெண்ணைத் தட்டிவிட்டுக் காத்திருக்கிறீர்கள். திரையில் ஒரு சிறு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மதிப்பெண் மட்டும் வரவில்லை. உங்கள் கணினி கெட்டுவிட்டதா? பெரும்பாலும் இல்லை. அந்த வலைத்தளம் உருவான முறையில்தான் குறை இருக்கும்.

வீடு கட்டுவோர், அதில் எத்தனை பேர் வசிப்பார்கள் என்று முதலில் கேட்பார்கள் அல்லவா? வலைத்தளத்திற்கும் இது பொருந்தும். முதற்படி திட்டமிடல்: இது யாருக்கு, எந்த வேலைக்கு, ஒரே நேரத்தில் எத்தனை பேர் வரக்கூடும்? இரண்டாவது வடிவமைப்பு: எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்திற்கு வழி என்று தாளில் கோடிட்டு வரைகிறார்கள். நிறமும் படமும் அதன் பிறகே. மூன்றாவது நிரல் எழுதுதல், நான்காவது சோதனை, ஐந்தாவது வெளியீடு. இவற்றில் ஒரு படியில் கால் தவறினால் என்ன ஆகும்? அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள்.

மருத்துவக் காப்பீடு இல்லாதவர்கள் வீட்டிலிருந்தே அதை வாங்குவதற்காக, அந்நாட்டு அரசு ‘ஹெல்த்கேர்.கவ்’ என்ற வலைத்தளத்தில் ஒரு காப்பீட்டுச் சந்தையை அமைத்தது. 36 மாநிலங்களின் மக்களுக்காக, 2013 அக்டோபர் 1 அன்று அது திறக்கப்பட்டது. ஒரே நேரத்தில் 50,000 அல்லது 60,000 பேர் வரலாம் என்பது கணக்கு. வந்தவர்களோ ஏறத்தாழ 2,50,000 பேர்! தளம் திணறியது. முதல் நாளில் காப்பீட்டுப் பதிவை முடித்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? வெறும் 6 பேர்!

கூட்டம் மட்டுமா காரணம்? இல்லை. காப்பீட்டுத் திட்டங்களைப் பார்க்க விரும்பியவர்களும் முதலில் கணக்குத் தொடங்க வேண்டியிருந்தது. கடைச் சரக்கைக் காட்டுமுன் பெயரையும் முகவரியையும் வாசலிலேயே கேட்பது போன்றது இது. ஆகவே, அத்தனை கூட்டமும் ஒரே வாசலில் நெருக்கியது. இது வடிவமைப்பில் நேர்ந்த தவறு.

அடுத்த தவறு சோதனையில் நேர்ந்தது. தளத்தின் பகுதிகளைப் பல நிறுவனங்கள் தனித்தனியே செய்தன. அவற்றை ஒன்றாக இணைத்து முழுமையாகச் சோதித்தது கடைசி இரண்டு வாரங்களில்தான். ஒவ்வொரு பற்சக்கரமும் தனியே நன்றாகச் சுழலலாம். சேர்த்துப் பூட்டிய பிறகல்லவா இயந்திரம் ஓடுமா என்பது தெரியும்!

பழுது நீக்கப் பொறியியலாளர் குழு ஒன்று வந்தது. தளத்தின் எந்தப் பகுதி தேங்குகிறது என்பதைக் காட்டும் கண்காணிப்புத் திரையை முதலில் அமைத்தது. அடிக்கடி கேட்கப்படும் விவரங்களை ஒவ்வொரு முறையும் தரவுக் கிடங்கில் தேடாமல், தனியே எடுத்து வைக்கும்படி செய்தது. மாணவர்கள் அடிக்கடி கேட்கும் நூல்களை நூலகர் தம் மேசையிலேயே வைத்துக்கொள்வதில்லையா? அதே உத்திதான்.

டிசம்பர் தொடக்கத்திற்குள் 400-க்கும் மேற்பட்ட திருத்தங்கள் செய்யப்பட்டன. பக்கம் தோன்ற 8 விநாடி ஆன நிலை மாறி, ஒரு விநாடிக்குள் தோன்றியது. 2014 ஏப்ரலுக்குள் ஏறத்தாழ 54 லட்சம் பேர் அதன் வழியே காப்பீட்டுத் திட்டங்களைத் தேர்ந்தெடுத்தனர். ஆயினும், இடைப்பட்ட இரண்டு மாதங்கள் காப்பீட்டுக்காகக் காத்திருந்தவர்களுக்கு எவ்வளவு கவலை தந்திருக்கும்!

நீங்களும் ஒருநாள் உங்கள் பள்ளிக்கு வலைத்தளம் அமைக்கலாம். அப்போது வெளியீட்டுக்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். தளத்தை முன்பின் பார்த்திராத ஒருவரை, உங்கள் பாட்டியையே கூட, கணினி முன் அமர்த்தி, “விடுமுறைப் பட்டியலைக் கண்டுபிடியுங்கள்” என்று மட்டும் சொல்லுங்கள். வேறு எதுவும் சொல்லிக் கொடுக்காதீர்கள். அவர் விரல் எங்கே தயங்கி நிற்கிறதோ, நீங்கள் திருத்த வேண்டிய இடம் அதுதான்.