லிவர் கையோடு உட்கார்ந்துவிட்டால்

நாமக்கல் பக்கம் புதுச்சத்திரத்தில் நெடுஞ்சாலையை ஒட்டிப் பட்டறை வைத்திருப்பவனுக்குச் சோறு போடுவது லாரிதான். இது 44-ஆம் எண் நெடுஞ்சாலை. ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிறது. வயதான டிரைவர்கள் இன்றைக்கும் ‘ஏழாம் நம்பர் ரோடு’ என்றுதான் சொல்வார்கள். சில வருடங்களாக இந்த ரோட்டில் சனிக்கிழமை காலையில் இன்னொரு கூட்டமும் வருகிறது. பெங்களூரிலிருந்து கன்னியாகுமரிக்கும் மூணாறுக்கும் கிளம்பும் பெரிய பைக்காரர்கள். அவர்களில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அவ்வப்போது என் பட்டறை முன்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்பார்கள். ‘கிளட்ச் லிவர் உட்காந்துடுச்சுங்கண்ணா, திரும்ப எழவே மாட்டேங்குது.’

நம் ஊரில் ஓடும் ஸ்பிளெண்டர், பல்சர், புல்லட் எல்லாவற்றிலும் கிளட்சை இழுப்பது ஒரு இரும்புக் கேபிள். அறுந்தால் எந்த ஸ்பேர்ஸ் கடையிலும் வாங்கி அரைமணியில் மாட்டிவிடலாம். பெரிய இன்ஜினில் கிளட்ச் ஸ்பிரிங் கெட்டியாக இருப்பதால், கேபிளுக்குப் பதில் பிரேக் ஆயிலை வைத்துத் தள்ளும் ஏற்பாடு 1980களின் தொடக்கத்தில் ஜப்பான் வண்டிகளில் பரவலானது. 1984-இல் வந்த ஹோண்டா கோல்ட் விங் 1200, 1999-இல் வந்த சுசூகி ஹயபுசா எல்லாம் இந்த வகைதான். டூவீலர் மெக்கானிக்குகள் பலருக்கு இது அந்நியம். லாரிக்காரனுக்கு அப்படியில்லை. லாரியில் பெடலுக்கு மேலே மாஸ்டர் சிலிண்டர், கியர்பாக்ஸ் பக்கம் ஸ்லேவ் சிலிண்டர், கூடக் காற்றழுத்த பூஸ்டர். பைக்கில் பூஸ்டர் கிடையாது. மாஸ்டர் கைப்பிடியில் இருக்கும், ஸ்லேவ் இன்ஜின் பக்கவாட்டில் இருக்கும். வேலை ஒன்றேதான்.

கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிடலாம், பழுதின் சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. உதாரணத்துக்கு, மாஸ்டர் பிஸ்டன் 14 மில்லிமீட்டர் விட்டம், ஸ்லேவ் பிஸ்டன் 35 என்று வையுங்கள். பரப்பளவில் ஸ்லேவ் ஆறேகால் மடங்கு பெரிது. எனவே விரல் கொடுக்கும் பலம் கீழே ஆறேகால் மடங்காகிறது. அதற்கு விலையும் உண்டு. மேலே பிஸ்டன் 10 மில்லிமீட்டர் போனால் கீழே 1.6 மில்லிமீட்டர்தான் நகரும். கிளட்ச் பிளேட்டுகள் பிரிய அந்த ஒன்றரை மில்லிமீட்டரே போதும். ஆனால் குழாயில் சிக்கிய காற்று மேலே 4 மில்லிமீட்டரை விழுங்கிவிட்டால், கீழே ஒரு மில்லிமீட்டர்கூட மிஞ்சாது. பிளேட் முழுசாகப் பிரியாது. கியர் ‘டக்’கென்று அடிக்கும், சிக்னலில் நியூட்ரல் கிடைக்காது.

லிவர் உட்கார்ந்த வண்டியைக் கண்டதும் ‘மாஸ்டர் அசெம்பிளி மாத்தணும்’ என்று சொல்லிவிடும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. பழைய வண்டிக்கு அசெம்பிளி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். வரும்வரை வண்டி வீட்டில் தூங்கும். வந்து மாட்டிய பிறகு பழுது வேறிடத்தில் என்று தெரிந்தால் அந்தப் பணம் போனது போனதுதான். இந்தச் சர்க்யூட்டில் ஆயில் போகக்கூடிய வழி கொஞ்சம்தான். அது எங்கே போனது என்று கண்டுபிடிக்காமல் எதையும் வாங்கக்கூடாது.

முதலில் மாஸ்டரோடு இருக்கும் ஆயில் டப்பாவின் மூடியைத் துடைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். நல்ல ஆயில் இளமஞ்சளாகத் தெளிந்திருக்கும். என்னிடம் வரும் வண்டிகளில் பெரும்பாலும் கடுங்காபி நிறத்தில் இருக்கிறது. ‘இதை எப்பத் தம்பி மாத்துனீங்க?’ என்று கேட்டால், ‘பிரேக் ஆயில் மாத்துனேங்கண்ணா, கிளட்ச்சுக்கும் இருக்குதுன்னே தெரியாதுங்க’ என்பார்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் சரக்கு. புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் கொதிநிலை 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். அந்தத் தண்ணீர்தான் உள்ளே அலுமினியத்தையும் அரிக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியிருந்தால் என் பட்டறைக்கு வரும் கிளட்ச் வேலைகளில் பாதி வந்திருக்காது.

ஆயில் மட்டம் குறைந்திருந்தால் கசிவு உண்டு. இன்ஜினின் இடப்பக்கம், முன் ஸ்ப்ராக்கெட் மூடிக்குக் கீழே ஈரம் தெரியும். அது கிளட்ச் ஆயிலா, கிளட்சைத் தள்ளும் புஷ்ராடின் சீல் வழியாக வரும் இன்ஜின் ஆயிலா என்று சந்தேகம் வரும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுங்கள். இன்ஜின் ஆயில் மிதக்கும், பிரேக் ஆயில் கரைந்துவிடும்.

மட்டம் சரியாக இருந்தும் லிவர் தொய்ந்தால், வேகமாக நாலு தடவை அடித்துப் பாருங்கள். அடிக்க அடிக்கக் கெட்டியானால் உள்ளே ஏர் இருக்கிறது. வேகமாக இழுத்தால் பிடித்து, மெதுவாக இழுத்தால் பிடிக்காமல் அப்படியே உள்ளே போனால், மாஸ்டரின் ரப்பர் கப் தேய்ந்து ஆயில் அதைத் தாண்டித் திரும்புகிறது என்று அர்த்தம். லிவர் கெட்டியாகவே இருக்கிறது, ஆனாலும் வண்டி முன்னால் இழுக்கிறது என்றால் ஹைட்ராலிக்கை விட்டுவிடுங்கள், பிளேட்டுகளைப் பார்க்க வேண்டும்.

எல்லாரையும் ஏமாற்றும் பழுது ஒன்று உண்டு. காலையில் நன்றாக ஓடும் வண்டி, மத்தியானம் சேலம் தாண்டி வரும்போது இன்ஜின் கத்தும், வேகம் ஏறாது. பிளேட் தேய்ந்துவிட்டது என்று மாற்றிவிடுவார்கள். அடுத்த வெயிலில் மறுபடியும் அதே கதை. டப்பாவின் அடியில், அதற்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் இடையே ஊசிமுனை அளவு துளை இருக்கிறது. சூட்டில் விரியும் ஆயில் அந்த வழியாகத்தான் டப்பாவுக்குத் திரும்ப வேண்டும். கசடு அடைத்துவிட்டால் திரும்ப முடியாத ஆயில் ஸ்லேவை மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்கும். யாரும் இழுக்காமலே கிளட்ச் பாதி இழுத்த நிலையில் நிற்கும். கடையில் வாங்கி மாட்டும் அலங்கார லிவர் சரியாகப் பொருந்தாமல் பிஸ்டனை ஒரு துளி அழுத்திக்கொண்டிருந்தாலும் இதே விளைவுதான்.

இதை உறுதிசெய்ய வழி இருக்கிறது. கிளட்ச் ஸ்லிப் ஆகும் நிலையிலேயே இன்ஜினை நிறுத்தி, மாஸ்டரிலிருந்து குழாய் கிளம்பும் போல்ட்டைத் துணி சுற்றிக் கால் சுற்று தளர்த்துங்கள். ஆயில் பீறிட்டுக் கிளட்ச் பிடித்துவிட்டால் அடைப்பு மாஸ்டரில். அங்கே ஒன்றும் ஆகாமல், கீழே ஸ்லேவில் ஏர் எடுக்கும் நிப்பிளைத் தளர்த்தும்போதுதான் பீறிடுகிறது என்றால், பழைய ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் ஊதி அடைத்துக்கொண்டிருக்கிறது. இதற்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஆயில் கண்ணில் படக்கூடாது. பெட்ரோல் டேங்க்மேல் ஈரத்துணி போர்த்திவிடுங்கள். பெயின்ட்டில் பட்டால் உரித்துவிடும். பட்டதும் தண்ணீர் விட்டுக் கழுவினால் தப்பிக்கும்.

ஸ்லேவைக் கழற்றுவதுதான் எனக்குப் பிடித்த வேலை. அது செயினுக்குப் பக்கத்திலேயே குடியிருப்பதால் மேலெல்லாம் செயின் கிரீசும் மண்ணும் கலந்து கருந்தாராக உறைந்திருக்கும். முதலில் வெளியே சுத்தம், பிறகுதான் போல்ட். கழற்றிய பிறகு யாரும் லிவரைத் தொடக்கூடாது, பிஸ்டன் எகிறி வெளியே வந்துவிடும். பிஸ்டனை வெளியே எடுத்துச் சிலிண்டரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், அடிப்பக்கம் ஈரம் தங்கிய இடத்தில் திருநீறு தூவினாற்போல் வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும். அலுமினியம் அரித்த பொடி அது. நகத்தால் வருடினால் சொரசொரப்பு தெரிகிறதா என்று பார்ப்பேன். நகம் வழுக்கினால் துடைத்துவிட்டுப் புது சீல் போதும். நகம் குழியில் மாட்டினால் அந்தச் சிலிண்டர் தேறாது. எமரித்தாள் போட்டுத் தேய்த்து வழவழப்பாக்கப் பார்ப்பவர்கள் உண்டு; மேலே இருக்கும் கெட்டிப் படலமும் அதோடு போய்விடும், புது சீல் ரொம்ப நாள் தாங்காது.

இங்கே லாரிப் பட்டறைப் பழக்கம் ஒன்றை விட்டாக வேண்டும். எந்தப் பாகமானாலும் டீசல் தட்டில் போட்டுப் பிரஷ்ஷால் தேய்ப்பது எங்கள் கைக்கு ஊறிப்போனது. டாட் ஆயிலுக்கான ரப்பரில் டீசலோ, மண்ணெண்ணெயோ, கிரீசோ பட்டால் ரப்பர் உப்பிவிடும். மாட்டும்போது நன்றாகத்தான் இருக்கும், பிறகு பிஸ்டன் இறுகித் திரும்பாது. புதுப் பிரேக் ஆயிலிலேயே கழுவி, அதையே தடவி மாட்டுங்கள். பட்டறைப் பையன்களிடம் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் கடுமையாகப் பேசுவேன்.

எந்த ஆயில் என்பது டப்பா மூடியிலேயே எழுதியிருக்கும். ஜப்பான் வண்டிகளில் பெரும்பாலும் டாட் 4. சில பிஎம்டபிள்யூ, பழைய கேடிஎம் வண்டிகளின் கிளட்சுக்கு மினரல் ஆயில். அவற்றின் ரப்பர் வேறு. ஒன்றில் மற்றொன்றை ஊற்றினால் சீல் மொத்தமும் போகும். எண்ணில் பெரியது என்று டாட் 5 வாங்கிவிடாதீர்கள். அது சிலிக்கோன், டாட் 4-உடன் சேராது.

மாட்டிய பிறகு ஏர் எடுப்பதில்தான் பொறுமை வேண்டும். லிவரை இழுத்துப் பிடித்து, நிப்பிளைத் திறந்து, மூடி, பிறகு லிவரை விடுவது வழக்கமான முறை. டப்பாவில் ஆயில் தீரவிட்டால் மறுபடி முதலிலிருந்து. நான் பெரும்பாலும் கீழிருந்து மேலே ஏற்றுகிறேன். காற்று மேலே போக விரும்பும்போது அதைக் கீழே தள்ளிக்கொண்டு வருவானேன்? நாமக்கல்லில் கோழிப்பண்ணை மருந்துக் கடைகளில் பெரிய சிரிஞ்சு சுலபமாகக் கிடைக்கும். புது சிரிஞ்சில் புது ஆயில் நிரப்பி, ஒளி ஊடுருவும் டியூபால் நிப்பிளில் மாட்டி மெல்ல அழுத்தினால், டப்பாவில் குமிழி குமிழியாகக் காற்று வெளியேறுவதைக் கண்ணால் பார்க்கலாம். டப்பா நிரம்பி வழியாமல் அவ்வப்போது உறிஞ்சி எடுக்க வேண்டும். அப்படியும் கொஞ்சம் தொய்வு இருந்தால், மாஸ்டர் பக்கத்துப் போல்ட்டின் வளைவில் ஒரு குமிழி ஒளிந்திருக்கும். சர்க்யூட்டிலேயே உயரமான இடம் அதுதான். லிவரை இழுத்துப் பிடித்து அந்தப் போல்ட்டையும் ஒரு நொடி தளர்த்தி இறுக்கினால் சரியாகும். போல்ட்டைக் கழற்றினால் இரண்டு பக்கத்துக் காப்பர் வாஷரும் புதிதாகப் போட வேண்டும்.

வழியில் இப்படி ஆகிவிட்டால் கிளட்ச் இல்லாமலே கியர் தட்டி ஓட்டிவிடலாம் என்று சொல்லும் அனுபவசாலிகள் இருக்கிறார்கள். ஓடும், ஆனால் நிறுத்தும் இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். டோல்கேட்டும் லாரியும் நிறைந்த இந்த ரோட்டில் இருநூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியை அப்படி ஓட்ட நான் யாரையும் விடுவதில்லை. டப்பாவில் ஆயில் இருந்து லிவர் அடிக்க அடிக்கப் பிடித்தால், அடித்துப் பிடித்துப் பக்கத்துப் பட்டறைவரை மெல்ல வரலாம். பிடிக்கவே இல்லையென்றால் ஒரு டாடா ஏஸைப் பிடித்து, வண்டியை ஏற்றி, முன்சக்கரத்தைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக் கொண்டுவாருங்கள்.