குழந்தை நடக்கும் தூரம்

ஆறு வயதுக் குழந்தை அன்றாடம் எவ்வளவு தூரம் நடந்து பாடசாலைக்குப் போகலாம் என்பது அற்பமான கேள்வியாகத் தோன்றினாலும், ஒரு தேசத்தின் கல்வித் திட்டத்தில் பெரும்பகுதி அதன்மேல்தான் நிற்கிறது. 1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரி கமிஷன், ஏறத்தாழ ஒரு மைலுக்குள் ஆரம்பப் பாடசாலை இருக்க வேண்டும் என்றது. 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தையொட்டி மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகளோ, முதல் ஐந்து வகுப்புகளுக்கு 1 கிலோமீட்டர் என்றும் அடுத்த மூன்று வகுப்புகளுக்கு 3 கிலோமீட்டர் என்றும் நிர்ணயித்து, அது நடைதூரமாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கின்றன.

நடைதூரத்தை அளப்பதில்தான் சிரமமெல்லாம். பாடசாலைகளின் அட்சரேகை, தீர்க்கரேகை, குடியிருப்புகளின் ஜனத்தொகை, சாலைகள், ஓடைகள், நிலத்தின் உயரம் ஆகியவற்றைத் தனித்தனி அடுக்குகளாகக் கணிப்பொறியில் ஏற்றி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திப் பார்ப்பதுதான் டிஜிட்டல் வரைபட முறை. பாடசாலையை மையமாக வைத்து ஒரு கிலோமீட்டர் ஆரத்தில் வட்டம் போடச் சொன்னால் கணிப்பொறி நொடியில் போட்டுவிடும். ஆனால் காக்கை பறக்கும் தூரத்துக்கும் குழந்தை நடக்கும் தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த வட்டம் அறியாது.

கொள்ளிடக் கரையை எடுத்துக்கொள்வோம். வடகரையில் அரியலூர் மாவட்டம், தென்கரையில் தஞ்சாவூர் மாவட்டம். ஒரு கரையில் உள்ள பாடசாலையைச் சுற்றிய வட்டம் ஆற்றைத் தாண்டி மறுகரைக் குடிசைகளையும் தொட்டுவிடுமானால், அங்குள்ள பிள்ளைகளுக்கும் பாடசாலை கிடைத்துவிட்டதாக ஏடு சொல்லும். அவர்களோ பாலம் இருக்கும் இடம்வரை போய்ச் சுற்றி வர வேண்டும். கோடையில் மணலில் இறங்கிக் கடந்துவிடலாமே என்பீர்கள். மேட்டூர் அணை நிரம்பி உபரிநீர் வரும் மாதங்களில் அந்த வழி ஏது? ஆகவே நல்ல வரைபடம் பாதையை அளப்பதோடு பருவத்தையும் அறிந்திருக்க வேண்டும். வெள்ளம், நிலச்சரிவு போன்ற அபாயங்கள் உள்ள இடங்களில் தூர வரம்பைக் குறைத்து அவற்றைத் தவிர்க்க வேண்டும் என்று அந்த மாதிரி விதிகளே சொல்கின்றன.

மலைநாட்டில் கணக்கு இன்னும் மாறும். அமெரிக்க பூகோள அறிஞர் வால்டோ டோப்ளர் 1993-இல் வெளியிட்ட சூத்திரத்தின்படி, சமதளத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பவர், ஐந்தடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில் அதில் பாதி வேகத்தில்தான் நடப்பார். அதுவும் வளர்ந்தவர்களின் நடை. புத்தகப் பையைச் சுமந்த குழந்தைக்கு எவ்வளவு தள்ளுபடி செய்வது என்பதைத் திட்டமிடுவோர்தான் முடிவு செய்ய வேண்டும்.

புதிய பாடசாலை எங்கே என்று கேட்டால், கணிதம் ஒரே விடையைத் தருவதில்லை. எல்லாப் பிள்ளைகளும் நடக்கும் மொத்தத் தூரத்தைக் குறைக்கும் முறைக்கு 1964-இல் ஹகீமி என்பவர் அடிகோலினார். குறித்த தூரத்துக்குள் அதிகம் பேரை அடக்கும் முறையை 1974-இல் சர்ச், ரெவெல் என்ற இருவர் வகுத்தனர். இரண்டுமே ஜனம் நெருங்கிய பக்கம் சாய்பவை. பத்து வீடுகள் கொண்ட மலையோரக் குடியிருப்பு இரண்டிலும் தோற்கும். எனவே, மிகத் தொலைவில் உள்ள குழந்தைக்கு வரம்பு விதித்துவிட்டுத்தான் இந்தக் கணக்குகளைத் தொடங்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பாடசாலைகளை இணைப்பதற்கும் இதே வரைபடம்தான் ஆதாரமாகிறது என்பதால், இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகத் தேவை.

இடத்தைப் போலவே வசதிகளும் இந்தப் படத்தில் ஏறுகின்றன. முதல் ஐந்து வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை இரண்டு உபாத்தியாயர்கள், அதற்குமேல் 90 வரை மூவர் என்பது சட்டம். குடிநீர், கழிப்பறை, சாய்தளம் முதலிய விவரங்களையும் பாடசாலைகளே ஆண்டுதோறும் யுடைஸ் என்ற கல்வித் தகவல் பதிவில் தருகின்றன. பாடசாலைக்கு உரிய 11 இலக்க எண்ணைக் கொண்டு எவரும் அவற்றை இணையத்தில் பார்க்கலாம். உங்கள் ஊர்ப் பாடசாலையின் விவரத்தை ஒருமுறை பாருங்கள். ஓட்டைக் குழாயைக் குடிநீர் வசதி என்று எழுதியிருந்தால், தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் சொல்லித் திருத்தச் செய்யுங்கள்.