பன்னிரண்டு கூடைத் துண்டுகள்



ஐந்து அப்பங்களையும் இரண்டு மீன்களையும் கொண்டு ஐயாயிரம் பேரின் பசியைத் தீர்த்த ஆண்டவர் இயேசு, மக்கள் உண்டு முடித்தபின் சீடர்களுக்கு இட்ட கட்டளையை நம்மில் பலர் விரைந்து கடந்துவிடுகின்றோம். மிஞ்சிய துண்டுகள் ஒன்றும் வீணாகாதபடி சேர்த்தெடுக்கச் சொல்கின்றார் அவர் (யோவா 6:12). அப்பத்தைப் பெருகச் செய்ய வல்லவருக்கு மிச்சத் துண்டுகள் எதற்கு? நற்செய்தியாளர் இதற்கு விடை கூறவில்லை. பன்னிரண்டு கூடைகள் நிரம்பின என்று மட்டும் எழுதிவைக்கின்றார்.

இந்தக் கூடைகளை மனத்தில் வைத்துக்கொண்டு, உங்கள் வீட்டுத் தையல் இயந்திரத்தின் அடியில் சற்றுக் குனிந்து பாருங்கள். சட்டைக் கழுத்தை வெட்டியபோது விழுந்த அரைவட்டம், பாடசாலைச் சீருடையின் வெள்ளை ஓரம், மருதமுனைக் கைத்தறிச் சேலையின் கரை, முழங்காலில் கிழிந்த சாரத்தின் நல்ல பாதி, மகளின் முதல் நன்மை உடையில் எஞ்சிய ஒரு சாண் துணி. நாளை காலை இவை குப்பையோடு கூட்டித் தள்ளப்படும். அல்லது வளவின் மூலையில் எரியும்.

நமது வாவிக்கரையில் மழைக்காலம் எப்படிப்பட்டது என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஐப்பசி பிறந்தால் வானம் இறங்கிவிடும். மார்கழியில் வாவியும் வயலும் ஒன்றாகிவிடும். 1978 நவம்பர் 23 இரவின் சூறாவளியை முதியோர் இன்னும் மறக்கவில்லை. 2011 ஜனவரியில் வெள்ளம் படுவான்கரைக் கிராமங்களைச் சூழ்ந்தபோது, குடும்பங்கள் பாடசாலைக் கட்டடங்களில் வந்து தங்கின. வகுப்பறையின் சீமெந்துத் தரையில் குழந்தையை உறங்க வைத்த தாய்மார் அறிவர், உணவுப் பொதிக்கு அடுத்தபடியாகத் தேவைப்படுவது எதுவென்று. ஏழையின் மேலாடையை அடகாகப் பெற்றால் பொழுது சாயுமுன் அதனைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று பழைய திருச்சட்டம் கட்டளையிடுகின்றது (விப 22:26-27). காரணமும் அங்கேயே சொல்லப்படுகின்றது: அவன் போர்த்திக்கொள்ள வேறொன்றும் இல்லை.

ஆயினும் துணி கொடுப்பதில் ஓர் ஆபத்து உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நாவலடியையும் திருச்செந்தூரையும் கல்லடியையும் வாரிச் சென்றபின், உலகெங்கிலுமிருந்து உடைகள் வந்து குவிந்தன. அவற்றுள் நல்லவை பல. அவற்றோடு இத்தீவில் எவருக்கும் உதவாத குளிர்கால மேலங்கிகளும் இருந்தன. தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்களிலோ, எவரும் எடுக்காத பழந்துணிகள் தெருவோரங்களில் மலைபோல் கிடந்து மழையில் நனைந்தன. அனைத்தையும் இழந்து நிற்பவருக்கும் மானம் உண்டு என்பதை அக்குவியல்கள் நினைவூட்டின. கந்தலை அப்படியே கையில் கொடுப்பது தருமமாகாது. அதைக் கழுவி, வெட்டி, பொருத்தி, மணிக்கணக்காக அமர்ந்து தைத்தால் கந்தல் போர்வையாகின்றது. பெறுபவர் கையில் அப்போது வந்து சேர்வது உங்கள் வீட்டு மிச்சம் மட்டுமன்று, உங்கள் பொழுதும்தான்.

அதே ஆழிப்பேரலையின் பின் புதுச்சேரிக்கு அருகே நிகழ்ந்ததைக் கேளுங்கள். ஆரோவில்லில் உமா பிரஜாபதி என்னும் ஆடை வடிவமைப்பாளர் நடத்திய உபாசனா நிறுவனம், 2005 இல், கடலைக் கண்டே அஞ்சியிருந்த மீனவப் பெண்களை ஒன்றுகூட்டி, எஞ்சிய துணித்துண்டுகளால் விரலளவுப் பொம்மைகள் செய்யப் பழக்கியது. சுனாமிகா என்று அதற்குப் பெயர். பொம்மைக்கு விலை இல்லை; அன்பளிப்பாகவே கொடுக்கப்பட்டது. விரும்பியோர் தந்த நன்கொடையிலிருந்து பெண்களுக்கு ஊதியம் கிடைத்தது. இலட்சக்கணக்கான சுனாமிகாக்கள் பல நாடுகளுக்குச் சென்றன. துக்கத்தில் உறைந்திருந்த கைகளுக்கு முதலில் தேவைப்பட்டது ஓர் ஊசியும், அருகில் அமர்ந்து பேச ஒருத்தியும்தான் என்று எனக்குத் தோன்றுகின்றது.

இனி வேலைக்கு வருவோம். ஒட்டுத்துணிப் போர்வை என்றவுடன் அந்நிய நாட்டுக் கலை என்று ஒதுங்கிவிடாதீர்கள். வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கித் தைக்கும் காந்தா, பெயரில் நமது கந்தைக்கு உடன்பிறப்பு. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி மக்கள், ஆப்பிரிக்க மூதாதையரின் வழிவந்தோர். அவர்களுள் நம்மைப் போன்ற கத்தோலிக்கரும் உளர். அவர்களது கவந்திப் போர்வைக்கு அளவுகோலும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம். பழைய சேலை ஒன்றை விரித்து, அதன் விளிம்பில் தொடங்கி, துண்டுகளை ஓரம் மடித்து ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறுமாறு வைத்து, நூலோட்டத் தையலால் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருகின்றனர். நான்கு பேர் நான்கு பக்கத்தில் அமர்ந்தால் நடுவில் சந்திக்கலாம்.

சதுரங்களாகத் தைக்க விரும்புவோருக்கு ஒரு கணக்கு. ஐந்தரை மீற்றர்ச் சேலையை மூன்றாக மடித்தால் ஏறத்தாழ ஆறு அடி நீளமும் சேலையின் முழு அகலமும் கிடைக்கும், அதுவே அடிப்பாகம். ஏழு அங்குலச் சதுரங்களாக வெட்டி, சுற்றிலும் அரை அங்குலம் தையலுக்கு விட்டால், நீளத்தில் பன்னிரண்டும் அகலத்தில் ஏழுமாக 84 துண்டுகள் போதும். உள்ளே பஞ்சு வைக்க வேண்டாம். நமது ஈரக்காற்றில் அது உலராது, பூஞ்சணம் பிடித்துவிடும். பருத்தியைப் பருத்தியோடு மட்டும் சேருங்கள். புதுத் துண்டாயின் முதலில் நனைத்து உலர்த்துங்கள். சுருங்காத புதுத்துணியைப் பழைய ஆடையில் ஒட்டுப்போட்டால் கிழிசல் பெரிதாகும் என்று ஆண்டவரே கூறியிருக்கின்றார் அல்லவா! (மாற் 2:21) தச்சர் வீட்டில் வளர்ந்தவருக்குத் தையலும் தெரிந்திருந்தது. விரலால் இழுத்தால் கிழியும் துணியைத் தயங்காமல் எறிந்துவிடுங்கள். உங்கள் பிள்ளைக்குப் போர்த்தத் தயங்கும் எதையும் பிறர் பிள்ளைக்கு அனுப்பாதீர்கள்.

இதில் விளையாட்டும் உண்டு. எந்த நிறத்தின் அருகே எந்த நிறம் என்பதில் சிறுவர்க்குள் வழக்கு எழும், எழட்டும். 1996 இல் இயேசு சபைத் துறவி பவுல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடியக் கலைஞர் பவுல் ஹோகனும் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில், போரின் நடுவே தமிழ்ச் சிறாரும் முஸ்லிம் சிறாரும் வண்ணங்களோடும் களிமண்ணோடும் ஒன்றாக விளையாடினர். உங்கள் போர்வையில் மருதமுனைத் தறியின் கரை ஒன்று இருக்குமாயின், 1990 ஆகஸ்ட் மாதத்தை நினைவில் சுமக்கும் தலைமுறையினர் அதனை வெறும் துணியாகக் காணமாட்டார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிலி நாட்டில் 1973 இல் இராணுவ ஆட்சி ஏற்பட்டபின் பலர் கைதுசெய்யப்பட்டுக் காணாமலாக்கப்பட்டனர். 1976 இல் கர்தினால் ராவுல் சில்வா என்ரிக்கெஸ் நிறுவிய ஒருமைப்பாட்டுப் பணியகத்தின் அரவணைப்பில், அவர்களின் தாய்மாரும் மனைவியரும் சாக்குத்துணியின்மேல் கந்தல் துண்டுகளை ஒட்டித் தைத்துத் தங்கள் கதையைச் சொன்னார்கள். அர்ப்பியேரா என்பது அதன் பெயர். சிலர் தம் மகனின் உடையிலிருந்தே துண்டு எடுத்தனர். திருச்சபை அவற்றை வெளிநாடுகளுக்கு அனுப்பி விற்று, அவர்களது அடுப்பு எரிய உதவியது.

நம் பங்கிலும் பெட்டியின் அடியில் ஒரு சேட்டை மடித்து வைத்திருக்கும் தாய்மார் உளர். கழுவவும் மனமில்லாமல் வைத்திருப்போரும் உளர். போர்வைக்குத் துணி சேர்க்கச் செல்லும் இளையோரே, அந்தப் பெட்டியைத் திறக்கச் சொல்லாதீர்கள். அவரே என்றேனும் அதை எடுத்துவந்தால், அத்துண்டை வெட்டும் கத்தரிக்கோலை அவர் கையிலேயே கொடுங்கள், பேசாதிருங்கள்.

செப்டெம்பரில் ஆயித்தியமலை அன்னையின் திருவிழா முடிந்த வாரத்தில் தொடங்கினால், நவம்பர் 11 ஆம் நாள், தூய மார்ட்டினின் திருநாளுக்குள் ஏறத்தாழ ஒன்பது வாரங்கள் உண்டு. ஆமியான் நகர வாயிலில் குளிரில் நடுங்கிய ஏழைக்குத் தம் மேலங்கியை வாளால் இரண்டாக்கிப் பாதியைக் கொடுத்த படைவீரர் அவர். மீதிப் பாதியைத் தாமே போர்த்திக்கொண்டார் என்பது எனக்குப் பிடித்த செய்தி. இருவருக்கும் குளிர் சமமாயிற்று. அடைமழை வருமுன் போர்வைகள் படுவான்கரைக்குச் சென்றுவிட அத்தேதி பொருத்தமானது.

கடைசியாக ஒரு சிறு குறிப்பு. சித்திப் பெண்கள் தம் கவந்தியின் மூலைகளில் மடித்த சிறு துணிமுக்கோணங்களை வைத்துத் தைப்பார்கள். பூ என்று அதற்குப் பெயர். பூ இல்லாத போர்வை அவர்களுக்கு ஆடையற்ற போர்வை. ஆகவே, நல்ல நிறத்தில் எட்டுச் சிறு துண்டுகளை இன்றே ஒரு பேணியில் எடுத்து வையுங்கள். கடைசி நாளில் தேடினால் அகப்படாது.