கரண்ட் திரும்பி வரும் நொடி

2012இல் மேற்கு மாவட்டங்களில் மின்வெட்டு நாளொன்றுக்கு 10 மணி நேரத்தைத் தாண்டிய மாதங்களில், திருப்பூரில் ஒரு சிறு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். கரண்ட் எத்தனை மணிக்குப் போகும் என்பது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். அதற்கு முன்பே கணக்கு மென்பொருளான டேலியை மூடிவிடுவோம். யூபிஎஸ் கத்தும், ஜெனரேட்டர் ஓடும், வேலை தொடரும். போகும் கரண்டுக்கு நாங்கள் தயாராகத்தான் இருந்தோம். ஒரு நாள் மாலை கரண்ட் வந்தது, சில நொடிகளில் போனது, மறுபடி வந்தது, மறுபடி போனது. நான்காம் முறை வந்தபோது சர்வர் எழுந்திருக்கவில்லை. கடைசியாக பேக்கப் எடுத்து 11 நாள் ஆகியிருந்தது. அத்தனை பில்லையும் காகிதத்தைப் பார்த்து மறுபடி ஏற்றி முடிக்க மூன்று பேருக்கு இரண்டு இரவு பிடித்தது.

கரண்ட் திரும்பும்போது என்ன நடக்கிறது? அந்த லைனில் இருக்கும் மோட்டார், கம்ப்ரஸர், ஏசி எல்லாம் ஒரே நேரத்தில் இழுக்கின்றன. வோல்டேஜ் சரிகிறது, பிறகு துள்ளுகிறது. நம் ஹார்ட் டிஸ்க்கும் சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில்தான் அதிகக் கரண்ட் கேட்கும். முன்பு பாதியில் நின்ற கோப்புகளை இயங்குதளம் சரிபார்த்து எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மறுபடி வெட்டினால், முதல் வெட்டில் தப்பியதும் கெடலாம். இதைவிடக் கொடியது நியூட்ரல் அறுந்துபோவது. மூன்று பேஸ் இணைப்பில் நியூட்ரல் போய்விட்டால், 230 வோல்ட் வர வேண்டிய பிளக்கில் 400ஐ நெருங்கிக்கூட வரலாம்.

எங்களுடைய சர்வர் உண்மையில் சர்வரே இல்லை. பெரிய பெட்டிக்குள் இருந்த சாதாரணக் கம்ப்யூட்டர். ஒரு டிஸ்க், மின்சாரம் பிரித்துத் தர ஒரு எஸ்எம்பிஎஸ். இன்றும் பல சிறு நிறுவனங்களில் இதுதான் நிலைமை. வாங்கும்போது பிராசஸர் என்ன வேகம், எத்தனை ஜிபி என்று கேட்கிறார்கள். காசு போக வேண்டிய இடங்கள் வேறு.

முதலில் இசிசி நினைவகம். ஒவ்வொரு 64 பிட் தரவோடும் 8 பிட் காவலுக்கு நிற்கும். ஒரு பிட் புரண்டால் அதுவே திருத்திவிடும், இரண்டு புரண்டால் கண்டுபிடித்துச் சொல்லும். வார இறுதியில் ஓடவிட்ட கணக்கு பிழையால் பாதியில் நின்றுபோவதைப் பொறுக்க முடியாமல் பெல் ஆய்வகத்தின் ரிச்சர்ட் ஹேமிங் யோசித்து, 1950இல் வெளியிட்ட முறையின் வழிவந்தது இது. நினைவகம் அப்படியெல்லாம் தப்புமா என்று கேட்பவர்களுக்கு: கூகுள் தன் சர்வர்களை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட கட்டுரையின்படி, ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு சர்வர் ஒரு முறையாவது இத்தகைய பிழையைச் சந்தித்தது. எழுத்தாகச் சேமிக்கப்படும் 8க்கும் 9க்கும் ஒரே ஒரு பிட்தான் வித்தியாசம். பில் தொகையில் அது புரண்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

அடுத்தது ரெய்டு. சிறு அலுவலகத்துக்கு இரண்டு டிஸ்க்கில் ஒரே தரவை எழுதும் ரெய்டு 1 போதும். ஒன்று போனாலும் மற்றொன்றில் வேலை ஓடும். இது பேக்கப்புக்கு ஈடாகாது. தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலும் சேர்ந்தே அழியும்.

விலை கூடிய ரெய்டு கார்டுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வேகத்துக்காக அந்தக் கார்டு, தரவைத் தன் நினைவகத்தில் வாங்கிக்கொண்டதுமே “எழுதியாச்சு” என்று பதில் சொல்லிவிடும். டிஸ்க்குக்குப் போவது சற்றுப் பிறகுதான். அந்த இடைவெளியில் கரண்ட் போனால் தரவைக் காப்பாற்றக் கார்டிலேயே சிறு பேட்டரி இருக்கும். புதியவற்றில் மின்தேக்கியும் ஃபிளாஷும் இருக்கும். சில ஆண்டுகளில் அந்தப் பேட்டரி தளர்ந்ததும் பெரும்பாலான கார்டுகள் ஆபத்தை உணர்ந்து, நேராக டிஸ்க்கில் எழுதும் முறைக்குத் தாமே மாறிக்கொள்ளும். அலுவலகத்தில் “சர்வர் ஸ்லோ” என்று புலம்பல் எழும். ரேம் கூட்டுவார்கள், விண்டோஸை மறுபடி ஏற்றுவார்கள். பேட்டரியை யாரும் பார்ப்பதில்லை.

இரட்டை எஸ்எம்பிஎஸ் உள்ள சர்வர் வாங்கியவர்களிலும் சிலர் இரண்டு வயரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெட்டி ட்ரிப் ஆனால் இரண்டும் சேர்ந்தே போகும். தனித்தனி யூபிஎஸ் கொடுக்க முடியாவிட்டால் ஒன்றை யூபிஎஸ்ஸிலும் மற்றொன்றை நல்ல சர்ஜ் பாதுகாப்புள்ள வேறு லைனிலும் கொடுக்கலாம்.

இப்போது யூபிஎஸ். 600 விஏ என்று எழுதியிருக்கும் சிறு பெட்டிக்குள் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்றுதான் இருக்கும். பெருக்கினால் 84 வாட் மணி. 300 வாட் இழுத்தால் ஏட்டுக் கணக்கில் 17 நிமிடம். ஆனால் வேகமாக இழுக்கும்போது பேட்டரி முழுக் கொள்ளளவைத் தராது என்பதால் அதில் பாதி நின்றாலே பெரிது. எங்கள் சர்வரோடு மானிட்டரும் ஸ்விட்ச்சும் பிரிண்டரும்கூட அப்படி ஒரு பெட்டியிலேயே தொங்கின. ஆன்லைன் யூபிஎஸ் விலை கூடுதல்தான். ஆனால் வரும் கரண்டை டிசியாக்கி, மறுபடி ஏசியாக்கித் தருவதால் லைனின் துள்ளல் சர்வரை எட்டுவது அரிது. திருப்பூர் போல மோட்டார்கள் நிறைந்த ஊரில் அந்தப் பணத்தைக் கொடுக்கலாம் என்பேன்.

எந்த வகையானாலும் யூபிஎஸ்ஸோடு வரும் யூஎஸ்பி கேபிளை சர்வரில் சொருகுங்கள். பேட்டரி குறிப்பிட்ட அளவுக்கு இறங்கியதும் சர்வர் தானே ஒழுங்காக மூடிக்கொள்ளும்படி அமைக்கலாம். அலுவலகத்தில் யாரும் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் இது ஒன்றுதான் துணை. பெரும்பாலான அலுவலகங்களில் இந்த கேபிள் பிரிக்காத பிளாஸ்டிக் உறையோடு அட்டைப்பெட்டியிலேயே கிடக்கிறது. சர்வரின் பயாஸில் இன்னொரு வசதி: கரண்ட் வந்ததும் உடனே எழுவதா, சற்றுக் காத்திருந்து எழுவதா, யாராவது பொத்தானை அழுத்தும்வரை படுத்திருப்பதா என்று அதில் தேர்ந்தெடுக்கலாம். எங்களிடம் காத்திருக்கும் அமைப்பு இருந்திருந்தால் அந்த மாலை நான்கு முறை அடி விழுந்திருக்காது.

எர்த் சரியில்லாவிட்டால் சர்ஜ் பாதுகாப்பு தடுத்த மின்சாரத்துக்கு இறங்க வழியில்லை. மல்டிமீட்டரை நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் வைத்தால் 2 வோல்ட்டுக்குள் காட்டுவது நல்லது. அதற்கு மேல் போனால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். உப்பும் கரியும் போட்ட எர்த் குழியாக இருந்தால் கோடையில் காய்ந்துபோகும். தண்ணீர் ஊற்ற வேண்டும். மொட்டைமாடி கேமராவிலிருந்து சர்வர் ஸ்விட்ச்சுக்கு நேராக வரும் செம்பு லேன் கேபிளையும் கவனியுங்கள். பக்கத்தில் இடி விழுந்தால் யூபிஎஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்த வழியாக அடி உள்ளே வரும். அந்த இடத்தில் ஃபைபர் போடலாம்.

யூபிஎஸ்ஸை மாடிப்படிக்கு அடியில், காற்றுப் போகாத அலமாரிக்குள் வைக்கும் பழக்கம் நம் ஊரில் அதிகம். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி வெப்பத்துக்கும் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். நம் மே மாதத்தை அதோடு வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்குப் பிறகு அந்த நிறுவனத்தில் ஒரு வழக்கம் வைத்தோம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, சனிக்கிழமை வேலை முடிந்து, பேக்கப் எடுத்த பின், சுவரில் யூபிஎஸ்ஸுக்குப் போகும் சுவிட்சை அணைப்போம். சர்வர் தானாக மூடிக்கொள்கிறதா, எத்தனை நிமிடத்தில் என்று பார்த்து, தேதியோடு ஒரு தாளில் எழுதி யூபிஎஸ்ஸின் மேல் ஒட்டுவோம். முதல் தாளில் 14 நிமிடம். ஒன்றரை வருடம் கழித்து 5. அந்த வாரமே பேட்டரி மாற்றச் சொன்னோம்.